செருப்புப் பட்டறை டூ செராம்பூர்: போதகரான பிறகும் சம்பாதிப்பதை நிறுத்தாத வில்லியம் கேரி யார்?

ஆழ்வார்திருநகரி என்றதும் நம்மாழ்வாரும் உறங்காப்புளியும்தான் நினைவுக்கு வரும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் நாசரேத். அந்தப் பக்கத்து ஊர்களில் சபை போதகரை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மதுரை இறையியல் கல்லூரி போன்ற இடங்களில் படித்துவிட்டு வரும் ஐயர்களின் பட்டச் சான்றிதழில் வங்காளத்து ஊர் ஒன்றின் பெயர் இருக்கும்: செராம்பூர்.

அந்த ஊருக்கு இப்படியொரு பெயர் கிடைக்கக் காரணமானவர்களில் முக்கியமானவர் வில்லியம் கேரி. அடிப்படையில் இவர் ஒரு செருப்புத் தொழிலாளி.

பட்டறையும் பிரசங்கமும்

கேரி 1761-ல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் பகுதியில் பிறந்தார். அப்பா முதலில் நெசவாளி, பிறகு பள்ளி ஆசிரியர். பதின்ம வயதிலேயே செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்ள அனுப்பப்பட்டார் கேரி. 1783-ல் முதலாளி தாமஸ் ஓல்ட் இறந்துபோக, பட்டறை கேரியின் தலையில் விழுந்தது. தன் குடும்பத்தோடு முதலாளியின் குடும்பத்தையும் அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அதே வருஷம் அக்டோபரில் அவர் ஆற்றில் மூழ்கி ஞானஸ்நானம் எடுத்தார். பாப்டிஸ்ட் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்த பிறகு தானாக விரும்பி, தண்ணீரில் முழுதாக மூழ்கி எடுக்க வேண்டும். 1785-ல் மோல்டன் என்ற கிராமத்துச் சபைக்கு வந்தவர், 1787-ல் முறைப்படி போதகரானார். ஆனா சபை தந்த சம்பளம் குடும்பத்துக்குப் பத்தவில்லை. பள்ளிக்கூடம் நடத்தினார், செருப்பும் தைத்தார். நடுவில் லத்தீன், கிரேக்கம், எபிரேயம் எல்லாம் படித்தார்.

1792-ல் அவரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு மிஷனரி சங்கம் தொடங்கினார்கள். முதல் நாள் சேர்ந்த வாக்குறுதித் தொகை 13 பவுண்டு சொச்சம்தான்!

வர மறுத்த மனைவி

அடுத்த வருஷமே இந்தியாவுக்குப் புறப்பட முடிவெடுத்தார் கேரி. மனைவி டாரத்தி நிறைமாத கர்ப்பிணி, வர முடியாது என்று மறுத்துவிட்டார். மூத்த மகன் பீலிக்ஸை மட்டும் கூட்டிக்கொண்டு கேரி கிளம்பினார். கிழக்கிந்திய கம்பெனியின் அனுமதி இல்லாததால் கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டார். அந்தத் தாமதத்தில் குழந்தை பிறந்தது. தங்கை துணைக்கு வந்தால் வருகிறேன் என்று டாரத்தி கடைசி நேரத்தில் சம்மதித்தார். குடும்பமே ஒரு டேனிஷ் கப்பலில் ஏறி 1793 நவம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தது.

கையில் காசில்லை, தங்க ஒழுங்கான இடமும் இல்லை. அப்போதுதான் மால்டா பக்கம் முட்னாபட்டியில், அவுரிச் செடியிலிருந்து நீலச்சாயம் எடுக்கும் ஆலைக்கு மேலாளர் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 200 ரூபாய். வேலை கிடைத்த கையோடு, இனி என் செலவுக்குப் பணம் அனுப்ப வேண்டாம் என்று சங்கத்துக்கு எழுதிவிட்டார். சாயத் தொழில் சீசன் வேலை என்பதால் மீதி மாதங்களில் வங்காளம் படிக்கவும், பைபிளை மொழிபெயர்க்கவும் நேரம் கிடைத்தது.

ஆனால் அந்த ஊர் அவர் வீட்டை உடைத்துவிட்டது. 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டர் சீதபேதியில் இறந்தான். டாரத்தி மனநலம் பாதிக்கப்பட்டார். 1807-ல் இறக்கும்வரை அவர் மீளவே இல்லை. கேரியைப் பெரிய சாதனையாளர் என்று கொண்டாடுகிற புத்தகங்கள் பலவும் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகின்றன. அந்தப் பயணத்துக்கான விலையில் பெரும்பகுதியைக் கட்டியவர், போக வேண்டாம் என்று முதலில் சொன்ன டாரத்திதான்.

தரங்கம்பாடிக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

1800 ஜனவரியில் கேரி செராம்பூருக்கு மாறினார். அது கம்பெனி எல்லைக்குள் வராத டேனிஷ் ஊர். நம்ம தரங்கம்பாடியும் அப்போது அதே டென்மார்க் அரசரின் கையில்தான் இருந்தது. அச்சுத்தொழில் தெரிந்த வார்டு, பள்ளி நடத்திய மார்ஷ்மேன் ஆகியோருடன் சேர்ந்து கேரி ஒரு பொதுக் கணக்கு வைத்தார். யார் சம்பாதித்தாலும் பணம் அந்தக் கணக்குக்குப் போகும். செலவுக்கு மட்டும் சிறு தொகை எடுத்துக்கொள்ளலாம்.

வங்காளத்தில் அவரிடம் முதல் ஆள் ஞானஸ்நானம் எடுக்க ஏழு வருஷம் ஆனது. 1800 டிசம்பரில் எடுத்தவர் கிருஷ்ண பால் என்ற தச்சர். அடுத்த வருஷம் கல்கத்தா ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் வங்காளம் கற்பிக்கும் வேலை கேரிக்குக் கிடைத்தது. மாதம் 500 ரூபாய், பின்னாளில் 1,000 ரூபாய். அந்தக் காலத்துக்குப் பெரிய தொகை. அதுவும் பொதுக் கணக்குக்கே போனது.

1812 மார்ச் 11 இரவு அச்சுக்கூடம் தீப்பிடித்தது. எழுத்துகள், காகிதம், வருடக்கணக்கில் எழுதிய அகராதிக் கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் சாம்பல். எழுத்து வார்க்கும் அச்சுகள் தப்பியதால், உருகிய ஈயத்தைக்கொண்டே மறுபடி எழுத்து வார்த்தார்கள். அடுத்த வருஷம் தமிழ்ப் புதிய ஏற்பாடு அதே அச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்தது. ஐயர்களின் சான்றிதழில் வருகிற செராம்பூர் கல்லூரி 1818-ல் தொடங்கப்பட்டது.

கடைசிக் கணக்கு

1829-ல் உடன்கட்டை ஏறுவதைத் தடைசெய்த சட்டத்தை வங்காளத்தில் மொழிபெயர்த்தவரும் கேரிதான். அதற்கடுத்த வருஷம் முதல் கல்கத்தாவின் பெரிய வணிக நிறுவனங்கள் வரிசையாகத் திவாலாயின. அவற்றில் போட்டிருந்த செராம்பூர் பணமும் போனது.

1834 ஜூன் 9-ல், 72 வயதில் கேரி இறந்தார். மிஷன் வளாகத்தில் தனக்கோ தன் குடும்பத்துக்கோ எந்த உரிமையும் கிடையாது என்று உயிலில் எழுதியிருந்தார். மற்ற மகன்களுக்குக் கொடுத்ததுபோல ஜாபெஸுக்கும் 1,500 ரூபாய் கொடுக்க நினைத்தார், ஆனால் கையில் பணமில்லை. அதற்காகத் தன் புத்தகங்களை ஏலம் விடச் சொல்லியிருந்தார்.