பார்சலோனாவை விரித்த பொறியாளர்



பார்சலோனா என்றால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கால்பந்து நினைவுக்கு வரும். சுற்றுலா போய் வந்தவர்களுக்கு கௌடியின் சக்ராடா ஃபமிலியா தேவாலயம் நினைவுக்கு வரும். அடுத்த முறை கூகுள் மேப்பைத் திறக்கும்போது அந்த ஊரைக் கொஞ்சம் மேலிருந்து பாருங்கள். ஒரே அளவில் வெட்டி அடுக்கிய மைசூர்பாகுத் துண்டுகள் போல நூற்றுக்கணக்கான சதுரங்கள் தெரியும். ஒவ்வொரு சதுரத்துக்கும் நான்கு முனைகளும் சீவப்பட்டிருக்கும். அந்தச் சதுரங்கள் ஒவ்வொன்றும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். இவற்றை வரைந்தவர் பெயர் இல்டெஃபான்ஸ் செர்டா. அவர் இறந்து 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் ஃப்ளாட்டில் குடியிருக்கும் நாம் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

செர்டா 1815 டிசம்பரில், பார்சலோனாவுக்கு வடக்கே செண்டெல்லஸ் என்ற ஊரில் பிறந்தார். நிலபுலன் உள்ள பழைய விவசாயக் குடும்பம். மூத்த பிள்ளைக்குச் சொத்து, இளையவர்களுக்குப் படிப்பு என்பது அந்தப் பக்கத்து வழக்கம். இவரைப் பாதிரியார் ஆக்கலாம் என்று குருமடத்தில் சேர்த்தார்கள். இவருக்கோ கணக்கில்தான் நாட்டம். பார்சலோனாவுக்கு வந்து கணிதமும் கட்டடக்கலையும் படித்தார். பிறகு தலைநகர் மாட்ரிட் போய் 1841-ல் சாலைப் பொறியாளராகப் பட்டம் பெற்றார். அரசு வேலையும் கிடைத்தது. சாலை, பாலம் என்று பல மாகாணங்களில் பணிபுரிந்தார்.

1840-களில் தெற்கு பிரான்சுக்குப் போனபோது, நீராவி ரயில் ஓடுவதைப் பார்த்தார். நாமெல்லாம் முதன்முதலில் ரயிலைப் பார்த்தபோது இஞ்சினைத்தான் பார்த்திருப்போம். அவர் இறங்கி ஏறும் கூட்டத்தைப் பார்த்தார். இத்தனை மனிதர்கள் இவ்வளவு வேகமாக ஒரு நகரத்துக்குள் வந்து இறங்கினால், வண்டி மாடு போவதற்காக வகுத்த பழைய தெருக்கள் தாங்குமா என்ற கேள்வி அவர் மனதில் விழுந்தது. பிற்பாடு அவர் செய்தவை எல்லாம் இந்தக் கேள்விக்குத் தேடிய பதில்தான்.

அடுத்து நடந்தது நம் வீட்டுப் பெரியவர்களைத் திடுக்கிட வைக்கும். அண்ணன்மார் இறந்துபோனதால் குடும்பச் சொத்து முழுவதும் இவர் கைக்கு வந்தது. 1849-ல் நிரந்தர அரசு வேலையை ராஜினாமா செய்துவிட்டு, நகரத்தை எப்படி அமைப்பது என்று ஆராய உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 33. திருமணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

அன்றைய பார்சலோனா எப்படி இருந்தது தெரியுமா? ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கோட்டைச் சுவருக்குள் அடைந்து கிடந்தார்கள். 1714-ல் நடந்த போரில் தோற்ற நகரம் அது. வென்ற மன்னர் பக்கத்திலேயே ஒரு ராணுவக் கோட்டையைக் கட்டி ஊரைக் கண்காணிப்பில் வைத்தார். சுவருக்கு வெளியே பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை யாரும் வீடு கட்டக் கூடாது என்று தடை இருந்தது. ஆகவே வெளியே பரந்த வெட்டவெளி, உள்ளே மூச்சுத் திணறும் கூட்டம். வெளியே விரிய முடியாததால் வீடுகள் மேலே உயர்ந்தன. மூன்று மீட்டர் அகலம்கூட இல்லாத சந்துகள் ஏராளம். கடலோர நகரம்தான், ஆனால் கடல் காற்று வீட்டுக்குள் வராது. காலரா மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

1854-ல் ஒருவழியாகச் சுவரை இடிக்க அனுமதி வந்தது. அதே ஆண்டு காலராவும் வந்து பலரைக் கொண்டுபோனது. மறு வருடம், சுவருக்கு வெளியே இருந்த சமவெளியை அளந்து படம் வரையும் பொறுப்பு செர்டாவிடம் வந்தது. அவர் நிலத்தை அளந்ததோடு நிற்கவில்லை. தொழிலாளர் குடும்பங்களைப் பற்றித் தனியே ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். கூலி எவ்வளவு, வாடகை எவ்வளவு, சாப்பாட்டுச் செலவு எவ்வளவு, எந்தத் தெருவில் எத்தனை மரணம் என்று தொழில் வாரியாக எழுதினார். ஒரு மனிதன் தூங்கும் அறையில் எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் போட்டார். நெருக்கமான தெருவில் வாழும் ஏழை, வசதியானவரைவிட எவ்வளவு சீக்கிரம் சாகிறான் என்பது எண்களில் தெரிந்தது. வாழ்நாளெல்லாம் பேரேட்டோடு உறவாடிய எனக்கு, இவர்மேல் மரியாதை வந்த இடம் இதுதான். முதலில் கணக்கு, பிறகுதான் படம்.

இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் அவருடைய விரிவாக்கத் திட்டம். காட்டலான் மொழியில் அந்தப் பகுதிக்குப் பெயரே விரிவாக்கம் என்று பொருள்படும் எஷாம்பிளாதான். அதன் அமைப்பை இப்படி மனதில் போட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு சதுரமும் பக்கத்துக்கு 113 மீட்டர். சாதாரணத் தெருவே 20 மீட்டர் அகலம், அதாவது சுமார் 65 அடி. அதில் பாதி வண்டிகளுக்கு. மீதிப் பாதி இரண்டு பக்கமும் ஐந்தைந்து மீட்டர் நடைபாதையாக நடப்பவர்களுக்கு. இதை அவர் எழுதியது மோட்டார் கார் பிறப்பதற்கு முன்பு. முனைகளைச் சீவியது, திரும்பும் வண்டிக்கு எதிரே வருவது தெரிவதற்காக. வருங்காலத்தில் தெருவிலும் நீராவி வண்டிகள் ஓடும், அவை திரும்ப இடம் வேண்டும் என்று அவர் நம்பினார். சதுரத்தின் முனைகள் நான்கு திசைகளையும் நோக்கும்படி திருப்பி வைத்தார். அதனால் எல்லாப் பக்கத்து வீட்டுக்கும் ஏதோ ஒரு வேளை வெயில் கிடைக்கும். ஒரு வரிசைத் தெருக்கள் மலையிலிருந்து நேராகக் கடலை நோக்கி இறங்கும். மறு வரிசை கரைக்கு இணையாகப் போகும். இன்றும் அந்த ஊர்க்காரர்கள் வழி சொல்லும்போது கடல் பக்கம், மலை பக்கம் என்றே சொல்வார்கள்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சதுரத்தின் நான்கு பக்கமும் கட்டடம் கூடாது, இரண்டு பக்கம் மட்டுமே கட்ட வேண்டும், உயரமும் 16 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது அவர் எண்ணம். மீதி இடம் முழுவதும் தோட்டம். பள்ளி, சந்தை, மருத்துவமனை எல்லாம் பகுதி வாரியாகச் சமமாகப் பிரித்து வைத்தார். பணக்காரர் பேட்டை, ஏழைகள் பேட்டை என்று தனித்தனியாக இருக்கக் கூடாது என்று நினைத்தார்.

திட்டம் 1859-ல் மாட்ரிட் அரசின் ஒப்புதல் பெற்றது. பார்சலோனா நகராட்சிக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் ஊருக்கு மாட்ரிட் ஏன் படம் போட வேண்டும் என்ற கோபம். நகராட்சி தனியே ஒரு போட்டி வைத்து, ரோவிரா என்ற கட்டடக்கலைஞரைத் தேர்ந்தெடுத்தது. அரசு அசையவில்லை. 1860-ல் செர்டா திட்டத்துக்கே இறுதி ஆணை வந்தது. அந்த அக்டோபரில் ராணி இசபெல் வந்து அடிக்கல் நாட்டினார். உள்ளூர்க் கட்டடக்கலைஞர்களுக்கு இந்த வருத்தம் இரண்டு தலைமுறை போகவில்லை. ஒரு பொறியாளர், அதுவும் மாட்ரிட் திணித்த ஆள் என்றே அவரைப் பார்த்தார்கள்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அரசு ஒப்புதல் தந்தது தெருக்களின் படத்துக்கு. அதோடு செர்டா கொடுத்திருந்த கட்டட விதிகளும், பணத்துக்கு வழிசொல்லும் ஏற்பாடும் ஒப்புதல் பெறவில்லை. விளைவு என்ன? தெருவுக்கான நிலம் பொதுச்சொத்தாக மாறியது. அதை யாரும் தொட முடியவில்லை. தோட்டத்துக்கான நிலமோ தனியார் பெயரிலேயே இருந்தது. முதலில் மூன்றாவது பக்கத்தில் கட்டினார்கள். பிறகு நான்காவது பக்கம். பிறகு நடுவில் பட்டறை, கிடங்கு, கடை. அதன்பின் மாடிக்கு மேல் மாடி. நூறு ஆண்டில், ஒரு சதுரத்தில் அவர் நினைத்ததைப் போல நான்கு மடங்குக்கும் மேல் கட்டடம் வந்துவிட்டது. யாரும் ஒரே நாளில் தோட்டத்தைப் பிடுங்கவில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம், ஒவ்வொரு முறையும் ஒரு நியாயமான காரணம்.

கடல் விஷயத்திலும் இப்படித்தான். பார்சலோனாவிலிருந்து மடரோ ஊருக்கு 1848-லேயே கரையோரமாக ரயில் பாதை போட்டுவிட்டார்கள். பிற்பாடு தொழிற்சாலைகளும் குடிசைகளும் அந்தக் கரையை நிறைத்தன. ரயிலைப் பார்த்துத்தான் செர்டாவுக்கு யோசனையே பிறந்தது. அதே ரயில், அவருடைய தெருக்களுக்கும் கடலுக்கும் நடுவே குறுக்கே படுத்துக்கொண்டது. நகரத்தின் குறுக்காக ஓடி கடலைத் தொடும்படி அவர் வரைந்த தியாகோனல் என்ற பெரிய சாலை பாதி வழியில் நின்றது. பெசோஸ் ஆற்றங்கரையில் அவர் காட்டிய பெரும் பூங்காவும் வரவில்லை.

செர்டா சோர்ந்துவிடவில்லை. 1867-ல் நகர அமைப்பைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். நகரங்களை அமைப்பதற்கென்று ஒரு தனி அறிவுத்துறை வேண்டும் என்று சொன்ன முதல் நூல்களில் ஒன்று அது. நகரமயமாக்கல் என்று நாம் இன்று சொல்கிறோமே, அந்தச் சொல்லை ஸ்பானிய மொழியில் உருவாக்கியவர் அவர்தான்.

ஆனால் வீட்டுக் கணக்கு தேறவில்லை. ஆய்வுக்கும் படத்துக்கும் கைக்காசைப் போட்டுப் போட்டுக் குடும்பச் சொத்து கரைந்தது. செய்த வேலைக்கு அரசும் நகராட்சியும் தர வேண்டிய தொகை கடைசிவரை வந்து சேரவில்லை. மனைவியும் பிரிந்துபோனார். கடைசி மகள் பிற்காலத்தில் ஹார்ப் வாத்தியத்தில் உலகப் புகழ் பெற்றார். உடல்நலம் தேடி வடக்கே ஒரு வெந்நீர் ஊற்று ஊருக்குப் போன செர்டா, 1876 ஆகஸ்டில் அங்கேயே இறந்தார். அப்போது வயது 60. பரம்பரை நிலச்சுவான்தாராக வாழ்ந்திருக்க வேண்டியவர் கையில் காசில்லாமல் போய்ச் சேர்ந்தார்.

அவர் போன பிறகு நகரம் மெதுவாக அவர் வழிக்கு வந்தது. பழைய ஊரை ஊடுருவித் துறைமுகத்துக்குப் போகும்படி அவர் காட்டிய சாலைகளில் ஒன்றை 1908-ல் வெட்டத் தொடங்கினார்கள். அரை நூற்றாண்டு தாமதித்ததற்கு விலை, ஆயிரக்கணக்கான மக்கள் வீடிழந்தது. 1992 ஒலிம்பிக் போட்டிக்காகக் கரையோர ரயில் பாதையை அகற்றி, பழைய தொழிற்சாலைகளை அப்புறப்படுத்தி, கடற்கரையை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். தியாகோனல் சாலை கடலை எட்டியது 1999-ல். படம் போட்டதிலிருந்து சரியாக 140 ஆண்டுகள்.

தோட்டங்களையும் இப்போது மீட்கிறார்கள். 1980-களிலிருந்து, சதுரங்களின் நடுவே இருந்த பழைய கிடங்குகளை நகராட்சி ஒவ்வொன்றாக வாங்கி, இடித்து, பூங்கா ஆக்குகிறது. ஒரு சதுரத்தில் பழைய தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தின் அடியில் பிள்ளைகள் கோடையில் விளையாடச் சிறு குளம் இருக்கிறது. அவர் சும்மா விடச் சொன்ன இடத்தை இன்று பெரும்பணம் கொடுத்துச் சும்மா விடுகிறார்கள்.

இப்போது முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். செர்டாவின் தெரு தப்பியது, தோட்டம் தப்பவில்லை. இரண்டும் ஒரே படத்தில் ஒரே பேனாவால் வரையப்பட்டவைதான். ஒன்று பொதுவில் எழுதப்பட்டது. மற்றொன்று நல்லெண்ணத்தை நம்பி விடப்பட்டது.

நம் வளாகத்திலும் காலி இடம் இருக்கிறது. சுற்றுச்சுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட்ட இடம், பிள்ளைகள் ஓடும் திட்டு, மொட்டை மாடி. அவ்வப்போது இங்கே ஒரு ஷெட், அங்கே ஒரு ஸ்டோர் ரூம், கூட இரண்டு பார்க்கிங் என்று கேட்போம். கேட்பவர் ஒவ்வொருவருக்கும் நியாயமான காரணம் இருக்கும். அடுத்த பொதுக்குழுவில் அப்படி ஒரு கோரிக்கை வரும்போது, கை தூக்குவதற்கு முன் நம் அனுமதி வரைபடத்தில் அந்த இடம் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பிரதி வேண்டுமானால் சங்க அலுவலகத்தில் கேளுங்கள். பார்த்துவிட்டு முடிவெடுப்போம்.