ஹெல்மெட் கதை தெரியும்... இந்த டாக்டரின் பென்சிலின் கதை தெரியுமா?

1935 மே மாதம். இங்கிலாந்தில் ஒரு கிராமத்துச் சாலை. சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள்மேல் மோதாமல் இருக்க பைக்கை ஒடித்தவர் தூக்கி வீசப்பட்டார். தலையில் ஹெல்மெட் இல்லை. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படம் இருக்கே... அந்த லாரன்ஸ்தான் அவர். நினைவு திரும்பாமலே ஆறு நாள்களில் இறந்துபோனார்.

அவரைப் பார்க்க வந்த டாக்டர்களில் ஒருவர், மூளை அறுவை சிகிச்சை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ். 1896-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அமெரிக்காவில் ஹார்வி குஷிங்கிடம் தொழில் கற்றவர். பைக் விபத்துகளை ஆராய்ந்து, ஹெல்மெட் உயிர் காக்கும் என்று 1941-ல் எழுதினார். பிரிட்டனில் எல்லா பைக் ஓட்டிகளுக்கும் சட்டம் வந்ததென்னவோ 1973-ல்தான்!

இது பலருக்குத் தெரிந்த கதை. எனக்கு அதைவிடப் பெரிசாகத் தெரிவது இன்னொன்று. தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்கள், சில நாள் கழித்து மெனிஞ்சைட்டிஸ் வந்து இறந்துகொண்டிருந்தார்கள். மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வில் வரும் கிருமித்தொற்று அது.

எப்படி வருது? மூக்கின் கூரையில் சல்லடை மாதிரி மெல்லிய எலும்பு இருக்கு. அடியில் அது விரிசல் விட்டு, மேலே இருக்கும் மூளை உறையும் கிழிந்தால், மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கு வழியாக ஒழுகும். பார்க்க சாதாரண சளி மாதிரிதான். ஆனா, நீர் இறங்கும் அதே வழியில் மூக்கில் இருக்கும் கிருமி மேலே ஏறிடும். அந்த ஒழுக்கைப் பற்றி கெய்ர்ன்ஸ் 1937-லேயே விரிவாக எழுதினார்.

அப்புறம் போர். ஆக்ஸ்ஃபோர்டில் பெண்கள் படித்த செயின்ட் ஹியூஸ் கல்லூரி, தலைக்காய ராணுவ மருத்துவமனையாக மாறியது. போர்முனைக்கே போய் ஆபரேஷன் செய்ய நடமாடும் குழுக்களையும் அமைத்தார் கெய்ர்ன்ஸ். 1943-ல் அவரும் பென்சிலினை மருந்தாக்கிய ஃப்ளோரியும் வட ஆப்பிரிக்கா போனார்கள். கையில் இருந்த மருந்து ரொம்பக் கொஞ்சம். ரத்தத்தில் போட்டால் மூளைப்பக்கம் சரியாகப் போய்ச் சேராது. அதனால் காயத்தைச் சுத்தம் செய்து, தைத்து மூடி, காயத்துக்குள்ளேயே பென்சிலினைக் கொடுத்தார்கள். சுத்தம் செய்யாமல் மருந்தை மட்டும் நம்பவில்லை. அங்கேதான் கெய்ர்ன்ஸ் நிற்கிறார்!

மெனிஞ்சைட்டிஸ் வந்தே விட்டவர்களுக்கு முதுகுத்தண்டு வழியாக பென்சிலின் ஏற்றும் முறையையும் அவர் குழு செய்துபார்த்தது. 1952-ல், 56 வயதில், புற்றுநோயால் இறந்தார்.

குண்டோ கம்பியோ துளைத்த தலைக்காயத்துக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பது இன்றும் வழக்கம். ஆனா, பைக்கிலிருந்து விழுந்து மண்டையோட்டின் அடியில் வெறும் விரிசல் விட்டவருக்கு? அப்படிக் கொடுப்பது மெனிஞ்சைட்டிஸைத் தடுக்கும் என்று இதுவரை நடந்த ஆய்வுகள் நிரூபிக்கவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமி வளரும் ஆபத்தும் இருக்கு. அதனால் பல டாக்டர்கள் மூக்கைச் சிந்தக் கூடாது என்று சொல்லி, காய்ச்சலோ கழுத்து இறுக்கமோ வருகிறதா என்று கவனிக்கிறார்கள். பெரும்பாலும் ஒழுக்கு தானாகவே நின்றுவிடும். நிற்காவிட்டால் ஆபரேஷன் செய்து கிழிசலை அடைப்பார்கள். நியூமோகாக்கஸ் தடுப்பூசியும் போடுவார்கள்.