அபினியை அழிக்க ஐரோப்பிய சட்டப் புத்தகத்தைத் தேடிய சீன அதிகாரி: யார் இந்த லின் செஷு?

பேரரசரின் உத்தரவு கையில் இருந்தது, படையும் இருந்தது. ஆனாலும் 1839-ல் ஒரு சீன அதிகாரி, எதிராளி ஊர் சட்டப் புத்தகத்தைத் தேடிப் பிடித்தார். அவர்தான் லின் செஷு.

என்ன பிரச்னை?

1785-ல் ஃபூச்சோவில் பிறந்த லின், 1811-ல் அரசுப் பணிக்கான உச்சத் தேர்வில் தேறியவர். அப்போது பிரிட்டிஷ் வணிகர்கள் இந்தியாவில் விளைந்த அபினியைச் சீனாவுக்குள் கடத்தி விற்றார்கள். மக்கள் அடிமையானார்கள், நாட்டின் வெள்ளியும் வெளியே போனது. இதை நிறுத்தச் சொல்லி டாவோகுவாங் பேரரசர் லின்னை குவாங்சோவுக்கு அனுப்பினார். 20,000 பெட்டிகளுக்கு மேல் அபினியைப் பறிமுதல் செய்த அவர், ஹூமனில் உப்பு நீரிலும் சுண்ணாம்பிலும் கரைத்துக் கடலில் விட்டார்.

புத்தகம் எதற்கு?

தன் பக்க நியாயத்தை ஐரோப்பியர்களின் சட்டத்தை வைத்தே சொல்ல நினைத்தார் லின். வாட்டெல் 1758-ல் வெளியிட்ட சர்வதேச சட்ட நூலின் சில பகுதிகளை மொழிபெயர்க்க வைத்தார். எல்லா அரசுகளும் சமம், எந்தச் சரக்கையும் தடை செய்ய ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு என்பது வாட்டெலின் வாதம்.

ஆனால் விக்டோரியா ராணிக்கு லின் எழுதிய கடிதத்தில் அந்தச் சமத்துவம் இல்லை. சீனப் பேரரசர்தான் உலகின் மையம், மற்ற நாடுகள் பணிந்து திறை கொண்டுவர வேண்டும் என்ற பழைய பார்வைதான் இருந்தது. தேயிலையையும் ரேவல்சீனியையும் நிறுத்தினால் வெளிநாட்டவர் உயிர் பிழைக்கவே முடியாது என்றும் நம்பினார். கடிதத்துக்குப் பதில் வரவே இல்லை.

கடைசியில்?

1840-ல் போர்க்கப்பல்கள்தான் வந்தன. பழி லின் மேல் விழுந்தது. பதவி போனது, தூரத்து இலி பகுதிக்கு நாடுகடத்தப்பட்டார். 1842 நான்கிங் ஒப்பந்தத்தில் ஹாங்காங் கைமாறியது. அழித்த கடத்தல் சரக்குக்கு மட்டுமே 60 லட்சம் வெள்ளி டாலர் கட்ட வேண்டியதாயிற்று!

சமத்துவம் பேசிய சட்டத்தை ஐரோப்பா சீனாவுக்குத் தரவில்லை. சீனாவும் மற்றவர்களைச் சமமாகப் பார்க்கவில்லை. லின் திரட்டிய தகவல்களை வைத்து நண்பர் வெய் யுவான் உலக நாடுகள் பற்றிப் பெரிய நூல் எழுதினார். லின் 1850-ல் இறந்தார்.

உலக ஒழுங்கு என்றால் சம அரசுகளா, எல்லோரையும் உள்ளடக்கும் 'தியான்ஷியா'வா? சர்வதேச உறவுத் துறையில் மேற்கத்திய, சீன அறிஞர்கள் இன்றும் மோதுவது இதில்தான்.