விண்வெளி வீரர்களைத் தேடிச் சென்ற ஆறு சக்கரங்கள்: சோவியத் வாகன வடிவமைப்பாளர் விட்டாலி கிராச்சேவின் வாழ்க்கை

1965 மார்ச் 19. விண்வெளியில் முதன்முதலாக நடந்த அலெக்சி லியோனோவும், உடன் சென்ற பாவெல் பெல்யாயேவும் வாஸ்கோத்-2 கலத்தில் பூமிக்குத் திரும்பினர். தானியங்கிக் கருவி கைகொடுக்காததால், குறித்த இடத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் விலகி, யூரல் பகுதியின் பனிக்காட்டில் கலம் இறங்கியது. மரங்கள் அடர்ந்திருந்ததால் ஹெலிகாப்டர்கள் அருகில் தரையிறங்க இயலவில்லை. இரண்டு இரவுகளைக் கடுங்குளிரில் கழித்த இருவரும், பனிச்சறுக்குக் கட்டைகளில் நடந்து சென்றே ஹெலிகாப்டரை அடைந்தனர்.

சாலையே இல்லாத அத்தகைய நிலங்களுக்குள் செல்லும் மீட்பு வாகனத்தை அந்த ஆண்டுகளில் உருவாக்கியவர் விட்டாலி கிராச்சேவ்.

1903இல் சைபீரியாவின் தோம்ஸ்க் நகரில் பிறந்தவர் அவர். பனி உருகும் காலத்தில் சாலைகள் சேறாகிக் காணாமற்போகும் நாடு அது. கார்க்கி மோட்டார் தொழிற்சாலையில் அவர் பணியாற்றிய தொடக்க ஆண்டுகளிலேயே ஆறு சக்கர வாகனம் கைக்கு வந்தது. 1934இல் உற்பத்திக்கு வந்த காஸ்-ஏஏஏ லாரியில் பின்புற அச்சுகள் இரண்டுக்கும் இன்ஜின் விசை சென்றது. முன் சக்கரங்கள் வெறுமனே உருண்டன. பின்னர் போர்க்காலத்தில் பிஏ-64 கவச வாகனத்துக்காக 1942இலும், அமெரிக்காவின் 'டக்' வாகனத்தை முன்மாதிரியாகக் கொண்ட ஆறு சக்கர நீர்நில வாகனத்துக்காக 1951இலும் ஸ்டாலின் பரிசு பெற்றார்.

1954இல் மாஸ்கோவின் ஜில் தொழிற்சாலையில் தனி வடிவமைப்புப் பிரிவின் தலைமை அவரிடம் வந்தது. அவருடைய தனித்தன்மை வெளிப்பட்டது அங்கேதான்.

வழக்கமான லாரியில் இடது, வலது சக்கரங்களை ஓர் அச்சு இணைக்கும். நடுவே உள்ள டிஃபரன்ஷியல் விசையைப் பகிரும். ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பிழந்தால் அது மட்டும் வீணாகச் சுழலும். எதிர்ப்பக்கச் சக்கரம் அசையாது நிற்கும். கிராச்சேவ் விசையைக் குறுக்காக அல்லாமல் நெடுக்காகப் பகிர்ந்தார். ஒரு பக்கத்தின் எல்லாச் சக்கரங்களும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டுச் சுழன்றன. ஒன்று பள்ளத்தில் தொங்கினாலும் மற்றவை இழுக்கும். அடிவயிற்றில் குறுக்கு அச்சு இல்லாததால் வாகனத்தின் அடிப்பகுதி தட்டையாகவும் உயரமாகவும் அமைந்தது.

இதற்கு விலையும் உண்டு. கெட்டியான சாலையில் பிணைந்த சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். டயர் தேயும், எரிபொருள் வீணாகும். காற்றழுத்தம் குறைந்த பெரிய டயர்களைக் கொண்டு அவர் அதை ஓரளவு சமாளித்தார்.

அந்த டயர்களின் மீது அவர் வைத்த நம்பிக்கை சற்று எல்லை மீறியது என்றே சொல்ல வேண்டும். எட்டுச் சக்கர ஜில்-135இல் சஸ்பென்ஷனே வேண்டாம், டயர்களே அதிர்வைத் தாங்கிக்கொள்ளும் என்று முடிவெடுத்தார். மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டியதும் வாகனம் குதிரைபோல் துள்ளியது. பின்னர் முன், பின் கோடிச் சக்கரங்களுக்கு முறுக்குத்தண்டு சஸ்பென்ஷன் பொருத்தப்பட்டது. நடுச் சக்கரங்கள் பழையபடியே விடப்பட்டன. திருத்தப்பட்ட அந்த வாகனமே 'லூனா' ஏவுகணைகளைச் சுமந்தது.

1960களின் தொடக்கத்தில் உருவான இ-167 பனி வாகனத்தில் இரு இன்ஜின்கள். ஒவ்வொன்றும் தன் பக்கத்து மூன்று சக்கரங்களை மட்டும் இயக்கியது. அடுத்து வந்த பெஸ்-1 மீட்பு வாகனத்துக்கு 180 குதிரைத்திறன் கொண்ட ஒரே இன்ஜின். விசையை இரு பக்கங்களுக்கும் பிரிக்கும் டிஃபரன்ஷியலைத் தேவைப்படும்போது பூட்டிவிடலாம். முன் சக்கரங்கள் ஒரு புறம் திரும்பினால் பின் சக்கரங்கள் எதிர்ப்புறம் திரும்பும். ஆகவே முன் சக்கரம் பனியில் பதித்த தடத்திலேயே பின் சக்கரமும் செல்லும். புதிதாகப் பனியை உழ வேண்டியதில்லை. கண்ணாடியிழை உடல் நீரில் மிதந்தது. விண்கலத்தைத் தூக்கி ஏற்றக் கிரேனும் இருந்தது.

இதன் அடுத்த தலைமுறையான 'நீலப் பறவை' பணியில் சேர்ந்ததைக் கிராச்சேவ் காணவில்லை. 1978 டிசம்பர் 24 அன்று மாஸ்கோவில் அவர் காலமானார். 1984 ஏப்ரலில் இந்திய வீரர் ராகேஷ் சர்மா வந்திறங்கிய கஜகஸ்தான் புல்வெளியில், சோயூஸ் கலங்களை எதிர்கொள்ள நீலப் பறவைகள் 21ஆம் நூற்றாண்டிலும் சென்றுவருகின்றன.