வருடபலன் வகுத்த நீலகண்ட தைவக்ஞர்

கண்டிமாநகரிலும் சுற்றுப்புறத்துத் தோட்டங்களிலும் வாழும் எம்மவர், பிறந்த நட்சத்திரம் வரும் நாளில் கட்டுக்கலைச் செல்வ விநாயகர் ஆலயம் போன்ற திருத்தலங்களிற் சென்று அர்ச்சனை செய்விப்பது தொன்றுதொட்ட வழக்கம். அதனோடு, சாதகக் குறிப்பை எடுத்துக்கொண்டு சோதிடரிடம் போய், பிள்ளைக்கு இவ்வாண்டு எப்படி என்று கேட்கும் பெற்றோரும் பலர். அவ்வினாவுக்கு விடை காணும் முறையை ஒழுங்குபட நூலாக்கித் தந்த பெரியார் நீலகண்ட தைவக்ஞர் ஆவர். அன்னார் முறையிற் சொல்லப்படும் பலனைக் கேட்டு அஞ்சுவோர் பலர். அன்னார் எழுதியதை அறிந்தோர் சிலர். ஆதலின் அவர் வரலாற்றை எம் இளைஞர் அறிதல் நலமாகும்.

நீலகண்டர் கார்க்கிய கோத்திரத்து அந்தணர். விதர்ப்ப நாட்டுத் தர்மபுரம் அவர் முன்னோரின் ஊர். பாட்டனார் சிந்தாமணி, தந்தையார் அனந்தர். தந்தையும் சோதிட நூல் செய்தவரே. தம்பியார் இராம தைவக்ஞர். இக்குடும்பம் காசியம்பதியோடு நெருங்கிய தொடர்பு கொண்டது. தம்பியார் 1600 ஆம் ஆண்டு அங்கிருந்து இயற்றிய முகூர்த்த சிந்தாமணி, சுபகாரியங்களுக்கு நாள் பார்ப்போர் கையில் இன்றும் இருப்பது.

அக்காலம் அக்பர் சக்கரவர்த்தி வட பாரதத்தை ஆண்ட காலம் (1556–1605). பல சமயத்தாரும் பல மொழியாரும் அவர் அவையிற் கூடினர். பாரதக் கதை பாரசீகத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. சக்கரவர்த்தியைச் சூரியமானப் பிறந்தநாளில் ஒருமுறையும் சந்திரமானப் பிறந்தநாளில் ஒருமுறையுமாக ஆண்டுக்கு இருமுறை துலாக்கோலில் நிறுத்து, எடைக்கு எடை பொருள் தானஞ் செய்தனர். பிறந்தநாட் கணக்குக்கு இத்துணை மதிப்பிருந்த அவ்வரசவையிலே நீலகண்டர் பண்டிதராக வீற்றிருந்தார். நிதி மந்திரியாகிய தோடர்மால் தொகுப்பித்த தோடரானந்தம் என்னும் பெருநூலின் சோதிடப் பகுதியும் நீலகண்டர் ஆக்கியதே என்பர்.

சக ஆண்டு 1509, அதாவது கி.பி. 1587 இல், தாஜிக நீலகண்டி வெளிவந்தது. அவ்வேளை இலங்கையில் சீதாவாக்கை இராஜசிங்கன் கொழும்புக் கோட்டையில் போர்த்துக்கேயரை முற்றுகையிட்டிருந்தான். கண்டி இராச்சியமும் அவன் கைப்பட்டிருந்தது.

தாஜிகம் என்ற பெயரே இவ்வித்தையின் வழியைக் காட்டும். பாரசீகர் அராபியரைக் குறித்து வழங்கிய பெயரிலிருந்து பிறந்த சொல் அது. ஆண்டுக்கொருமுறை சூரியன் பிறந்தபோது நின்ற இடத்துக்கு மீளும் கணத்தைக் கொண்டு பலன் காணும் முறை, கிரேக்கரிடமிருந்து பாரசீகர், அராபியர் வாயிலாகக் கூர்ச்சரம் வந்தது. 13 ஆம் நூற்றாண்டிற் சமரசிங்கர் அதனை வடமொழியில் எழுதினார். முந்தா, சகமம், இத்தசாலம் முதலான கலைச்சொற்கள் யாவும் அராபிச் சொற்களின் திரிபே. நீலகண்டர் அவற்றை மறைக்கவுமில்லை. மாற்றுப் பெயர் சூட்டித் தமதென்று சொல்லவுமில்லை. பிறர் கண்ட உண்மையைப் பிறர் சொல்லாலேயே ஏற்று, எம் முன்னோரின் கணிதத்தோடு இணைத்தார். அக்பர் கட்டளைப்படி தாஜிக நூலொன்று கூர்ச்சரத்து முகம்மல்கானாற் பாரசீகத்தில் மொழிபெயர்க்கப்பட்டமை, வந்த வித்தை வந்த வழியே திரும்பிய அதிசயம். எம் நாட்டிலும் சரசோதிமாலை என்னும் தமிழ்ச் சோதிட நூல் 1310 இல் தம்பதெனியச் சிங்கள மன்னன் அவையில் அரங்கேறியதை இங்கு நினைத்தல் தகும். கல்விக்கு மொழியும் மதமும் வேலியாகா.

இனி, அன்னார் நூலின் முறையைச் சுருங்கக் காண்போம். சூரிய சித்தாந்தக் கணக்கில் ஓராண்டு 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை சொச்சம். ஆகவே ஆண்டுப் பிறப்பு, கிழமைக் கணக்கில் வருடந்தோறும் 1 நாள் 15 நாழிகை 31 விநாழிகை சொச்சம் தள்ளிப் போகும். அக்கணத்துக்கு லக்கினமுங் கிரகநிலையுங் கணித்தெழுதுவதே வருட சாதகம். முந்தா என்பது ஜன்ம லக்கினத்திலிருந்து ஆண்டுக்கோர் இராசியாக நகரும் புள்ளி. மேட லக்கினத்தில் பிறந்தவருக்கு 20 வயது நிரம்பினால், இருபதைப் பன்னிரண்டால் வகுத்த மிச்சம் எட்டு. எட்டு இராசி தாண்டித் தனுசில் முந்தா நிற்கும். அது வருட லக்கினத்துக்கு 9, 10, 11 ஆம் இடங்களில் நின்றால் மேன்மை. 1, 2, 3, 5 இல் முயற்சியாற் பலன். 4, 6, 7, 8, 12 இல் தொல்லை என்பது விதி.

ஆண்டுக்கு அதிபதி ஒருவனைத் தெரிவதும் உண்டு. முந்தா இராசிநாதன், ஜன்ம லக்கினநாதன், வருட லக்கினநாதன், திரிராசிநாதன், பகலில் ஆண்டு பிறந்தாற் சூரியன் நின்ற இராசியின் நாதனும் இரவிலாயிற் சந்திரன் நின்ற இராசியின் நாதனும் என ஐவர் உரிமை பெறுவர். அவர்களுள் வலிமை மிக்கவனாய், லக்கினத்தையும் பார்ப்பவனே வருடேசன். வலிமை மாத்திரம் போதாது. லக்கினத்தின்மேற் பார்வையும் வேண்டும். ஊர்த்தலைமைக்கும் பொருந்தும் விதி இது!

இம்முறைக்கு உயிர்நாடி சரியான நேரம். இலங்கையில் 1942 முதல் 1945 வரை போர்க்காலத்திற் கடிகாரம் முன்தள்ளப்பட்டிருந்தது. மீண்டும் 1996 மே மாதத்தில் ஒரு மணி முன்தள்ளி, அவ்வாண்டு ஒக்டோபரில் அரைமணி பின்வாங்கி, 2006 ஏப்பிரலிலேயே பழைய நேரத்துக்கு வந்தனர். அக்காலங்களிற் பிறந்த முதியோரும் இளையோரும் தம் குறிப்பில் இத்திருத்தம் செய்யப்பட்டதா என நோக்குதல் வேண்டும். இராசியின் எல்லையிற் பிறந்தவருக்கு அரைமணித் தவறு லக்கினத்தையே மாற்றும். லக்கினம் மாறின் முந்தா ஆயுள் முழுதும் இடம் மாறிவிடும். மேலும், பழைய மானத்துக்கும் திருக்கணிதத்துக்கும் ஆண்டின் அளவில் ஏறக்குறைய மூன்றரை நிமிட வேற்றுமை உண்டு. நாற்பது வயதில் அது இரண்டு மணிக்கு மேலாகப் பெருகும். ஒருவருக்கே இரு சோதிடர் இரு வருட லக்கினம் சொல்வது இதனாலேயாம். கணிப்பொறி நொடியிற் கட்டம் போட்டுத் தந்தாலும், நாம் இட்ட நேரம் பிழையாயின் அதுவும் பிழையே.

இங்ஙனமிருக்க, இவ்வாண்டு அரிட்டம் என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சிப் பிள்ளையின் மேற்படிப்பை நிறுத்துவதும், கூடிவந்த கலியாணத்தைத் தள்ளிவைப்பதும் அறிவுடைமையாகுமா? பன்னிரண்டு இடங்களில் ஐந்து, முந்தாவுக்குத் தீய இடம். அங்ஙனமாயின் எவர் வாழ்விலும் அத்தகைய ஆண்டுகள் அடிக்கடி வந்தே தீரும். அவற்றை வாழ்ந்து கடந்தவர்களே எம் பெரியோர் அனைவரும். நீலகண்டரும் அச்சுறுத்தி நிறுத்தினாரல்லர். அரிட்ட அத்தியாயத்தை அடுத்தே அரிட்டபங்க அத்தியாயத்தை வைத்தார். கேட்டைச் சொன்ன வாயால் அதன் நீக்கத்தையுஞ் சொல்லவேண்டும் என்பதே அவ்வைப்பு முறையின் கருத்தாகக் கொள்ளத்தகும். ஜன்ம சாதகத்தோடு சேர்த்தே வருட சாதகத்தைப் பார்க்கவேண்டும் என்பதும் அவர் நெறி. முன்னதை மறந்து பின்னதை மாத்திரம் படிப்பவர் அரைப்பாட்டுப் படித்தவரே.

அன்னார் ஏற்றிய விளக்கு அவரோடு அணையவில்லை. மைந்தர் கோவிந்தர், சிறிய தந்தையாரின் முகூர்த்த சிந்தாமணிக்கு 1603 இல் பீயூஷதாரை என்னும் உரை கண்டார். இராம தைவக்ஞரின் மாணாக்கர் பலபத்திரர், அக்பரின் கொள்ளுப்பேரனாகிய ஷா சுஜாவின் ஆதரவில் 1649 இல் ஹாயனரத்தினம் என்ற விரிநூல் செய்தார். யவனர் வித்தையை அந்தணர் கற்கலாமா என்ற கேள்விக்குக் கற்கலாம் என நியாயங் காட்டியவர் அவர். நீலகண்டர் செயலிற் காட்டியதைப் பலபத்திரர் வாதத்தில் நிறுவினார்.

இளைஞர்காள்! பிறந்தநாளிற் கோயிலுக்குச் செல்லுங்கள், பெரியோரை வணங்குங்கள், வருடபலன் கேட்க விரும்பின் கேளுங்கள். ஆயின் கணக்கைச் சரிபாருங்கள். நன்மையையுந் தீமையையும் முழுதாகச் சொல்லும்படி கேளுங்கள். பயத்தால் மாத்திரம் எந்த நற்காரியத்தையும் நிறுத்தாதீர்கள். பெற்றோரே, ஓராண்டுப் பலனுக்காகப் பிள்ளையின் பல்லாண்டு வாழ்வை மறிக்காதீர்கள். எத்திசைக் கல்வியையும் அஞ்சாது ஏற்ற அப்பேரறிஞருக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவேயாகும்.