வோல்டெரா யாருன்னு தெரியுமா?

செகண்ட் ரிவ்யூவில் எங்க ப்ராஜெக்ட்டை ஓட்டிக் காட்டினோம். ஸ்கிரீனில் புள்ளிமான் கூட்டம் ஒரு பக்கம், செந்நாய்க் கூட்டம் ஒரு பக்கம். கோடில் வோல்டெரான்னு ஒரு ஃபங்ஷன் இருந்தது. அது யாருப்பான்னு மேம் கேட்டாங்க. மூணு பேரும் முழிச்சோம். அன்னைக்கு ராத்திரி தண்டலம் ஹாஸ்டலில் உட்கார்ந்து தேடிப் படிச்சதுதான் இது.

வீட்டோ வோல்டெரா 1860-இல் இத்தாலியின் அங்கோனா துறைமுக ஊரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ரெண்டு வயசில் அப்பா இறந்துட்டார். அம்மாவும் தாய்மாமாவும்தான் வளர்த்தாங்க. 23 வயசில் பீசாவில் பேராசிரியர். (நமக்கு அந்த வயசில் அரியர் க்ளியர் ஆனாலே பெருசு.) 1905-இல் செனட்டர். முதல் உலகப் போரில், 55 வயசில், தானே போய் ராணுவத்தில் சேர்ந்து ஆகாயக் கப்பல்களில் வேலை பார்த்தார்.

மீன் விஷயம் அதுக்கப்புறம்தான் வருது. மகள் லூயிசாவைக் கட்டிய உம்பெர்த்தோ தங்கோனா ஒரு விலங்கியலாளர். ஏட்ரியாட்டிக் கடலோர மீன் சந்தைக் கணக்குகளைப் பார்த்தவருக்கு ஒண்ணு புரியல. ஃபியூமே சந்தைக்கு வந்த மீனில் சுறா, திருக்கை வகைகள் 1914-இல் சுமார் 12 சதவீதம், 1918-இல் சுமார் 36. போரால் மீன்பிடிப்பு குறைஞ்சா எல்லா மீனும்தானே பெருகணும்? சுறாவுக்கு மட்டும் ஏன் இந்த யோகம்?

மாமனார் 1926-இல் ரெண்டு சமன்பாட்டில் பதில் சொன்னார். இரை பெருகினா வேட்டைமீன் பெருகும். அது பெருகினா இரை குறையும். இரை குறைஞ்சா வேட்டைமீன் பட்டினி. ரெண்டு வளைவும் மாறி மாறி ஏறி இறங்கும். வலை ரெண்டையுமே அள்ளுது, ஆனா மிதமா அள்ளும்வரை சராசரியில் லாபம் இரைக்குத்தான். வலையை நிறுத்தினா லாபம் சுறா பக்கம் போயிடும். அமெரிக்காவில் லோட்கா 1925-லேயே தனியாக இதே சமன்பாட்டுக்கு வந்திருந்தார், அதனால ரெண்டு பேர் பெயரும் ஒட்டிக்கிச்சு. இதில் கூட்டம் கிடையாது, வெறும் எண்ணிக்கை. ஒரு மான் பக்கத்து மானைப் பார்த்துத் திரும்புவதெல்லாம் கம்ப்யூட்டர் வந்தபிறகு சேர்ந்தது.

1931-இல் முசோலினி அரசு, பேராசிரியர்கள் எல்லாரும் பாசிச ஆட்சிக்கு விசுவாச உறுதிமொழி எடுக்கணும்னு உத்தரவு போட்டது. சுமார் 1,200 பேரில் மறுத்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். அதில் வோல்டெரா ஒருவர். அப்போ அவருக்கு 71 வயசு, கையெழுத்து போட்டுட்டு நிம்மதியா இருந்திருக்கலாம். ரோம் பல்கலைக்கழக வேலை போச்சு. 1934-இல் நாட்டின் அறிவியல் கழகங்களிலிருந்தும் நீக்கினாங்க. 1938-இல் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வந்தன.

இரை–வேட்டை பற்றிய அவரோட புத்தகமும் அதே 1931-இல்தான் வந்தது, பாரிஸில். 1940 அக்டோபர் 11 அன்று ரோமில் இறந்தார். மருமகன் அந்த ஆராய்ச்சியை விடல.