அல்லிராணி கோட்டையைக் கட்டியது அல்லிராணி இல்லை... யார் இந்த பிரடெரிக் நார்த்?

தூத்துக்குடிக்கு எதிர்க்கரை, இலங்கையின் மன்னார் மாவட்டம். அங்கே அரிப்பு என்ற ஊரில், கடலோரமாக ஒரு செங்கல் மாளிகை இடிந்து நிற்கிறது. ஊர்மக்கள் அதை அல்லிராணி கோட்டை என்கிறார்கள். அர்ஜுனன் கதையில் வருவாளே, அதே அல்லிதான். ஆனால், கட்டியவர் இலங்கையின் முதல் பிரிட்டிஷ் ஆளுநர் பிரடெரிக் நார்த்.

1766-ல் பிறந்தவர். அப்பா நார்த் பிரபு, அமெரிக்கா பிரிட்டனின் கையைவிட்டுப் போன காலத்தில் பிரதமர். மகனுக்கோ கிரேக்கத்தின் மீதுதான் பித்து. 1791-ல் ரகசியமாக கிரேக்கத் திருச்சபையிலேயே சேர்ந்துவிட்டார். 1798-ல் இலங்கைக்கு ஆளுநராக வந்தார்.

அப்போது கஜானாவை நிரப்பியது முத்துக்குளிப்பு. சீசனில் பக்கத்திலேயே இருந்து கவனிக்க 1801-ல் தொடங்கி 1804-க்குள் இந்த வீட்டை எழுப்பினார். வரைபடமும் அவருடையதே என்கிறார்கள். ஜார்ஜ் மன்னர்கள் காலத்து இங்கிலாந்துப் பிரபுக்களின் கிராமத்து மாளிகைபோல இரண்டு மாடி, முகப்பில் கிரேக்கக் கோயில் பாணி டோரிக் தூண்கள். அதனால் பெயரே 'டோரிக்' ஆனது. பார்க்கத்தான் சலவைக்கல், உள்ளே வெறும் செங்கல். பளபளப்பு முழுக்க சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. அங்கே சிப்பிக்கா பஞ்சம்?

மாடியில் நின்றால் கடல் தெரியும். அந்தக் கடலில் மூச்சடக்கி இறங்கியவர்களில் தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்துப் பரதவர்களும் முஸ்லிம்களும் நிறைய பேர். நள்ளிரவுக்கு மேல் தோணி கிளம்பும். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து ஆழத்துக்குப் போய், ஒரு நிமிடத்துக்குள் கூடையை நிரப்பிவிட்டு மேலே வரணும். சுறா வாயைக் கட்ட மந்திரம் ஓதும் 'கடல்கட்டி' கரையில் இல்லாவிட்டால் யாரும் குதிக்க மாட்டார்கள். அவருக்குச் சம்பளம் கொடுத்ததும் வெள்ளைக்கார அரசாங்கம்தான்! குளித்தவர்களுக்கோ கூலி காசாகக் கிடையாது, சிப்பியில் ஒரு பங்கு. திறந்தால் முத்து இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

1803 கண்டிப் போரில் நார்த்தின் படை அழிந்தது. 1805-ல் ஊர் திரும்பினார். பிறகும் கிரேக்கப் பித்து விடவில்லை. 1824-ல் கோர்ஃபு தீவில் பல்கலைக்கழகம் தொடங்கி, பழங்கால கிரேக்கர்போல அங்கி போட்டுக்கொண்டு உலாவினார். 1827-ல் லண்டனில் இறந்தார்.

அரிப்பு வீட்டுக்குக் கூரை எப்போதோ போய்விட்டது. நிற்பது சில சுவர்களும் தூண்களும்தான். ஊர் பேரும் அரிப்பு, பிரச்சினையும் அரிப்பு: அடியில் இருக்கும் மண்மேட்டைக் கடல் கரைக்க, வீடு துண்டுதுண்டாகக் கீழே விழுந்துகொண்டிருக்கிறது, சிப்பிச் சுண்ணாம்போடு சேர்த்து.